ஒரே நிரல், இரண்டு ஃபோன்: எழுத்தை வரைவது யார்?

பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர், மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பூஜைச் சாமான் விற்பவர், அடையாறில் டியூஷன் சென்டர் நடத்துபவர் என்று யார் ஆப் செய்யக் கிளம்பினாலும் முதல் பேச்சிலேயே ஒரு கேள்வி வந்துவிடும். "ஆண்ட்ராய்டுக்குத் தனியா, ஐபோனுக்குத் தனியான்னா, ரெண்டு தடவை காசு கொடுக்கணுமா சார்?"

கேள்வி நியாயமானது. ஆண்ட்ராய்டு ஆப்பை கோட்லின் அல்லது ஜாவா மொழியில் எழுதுவார்கள். ஐபோன் ஆப்பை ஸ்விஃப்ட் மொழியில் எழுதுவார்கள். ஒன்றில் எழுதியது மற்றொன்றில் ஓடாது. ஆகவே இரண்டு டெவலப்பர், இரண்டு முறை டெஸ்டிங், ஆடித் தள்ளுபடிக்குக் கணக்கை மாற்றினால் இரண்டு இடத்தில் திருத்தம். ஒன்றில் திருத்தி இன்னொன்றில் மறந்துவிட்டால், ஒரே சேலைக்கு இரண்டு விலை காட்டும். சின்னக் கடைக்கு இது கட்டுப்படியாகாது.

இன்று இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஃப்ளட்டர்ல பண்ணிடலாம் சார், ஒரே கோட்தான், ரெண்டுலயும் ஓடும்" என்பது. சிலர் ரியாக்ட் நேட்டிவ் என்பார்கள். ஒருமுறை எழுதிய நிரலைப் பலவகைக் கருவிகளில் ஓடவைக்கும் இந்தத் தொகுப்புகளுக்கு கிராஸ் பிளாட்ஃபார்ம் ஃபிரேம்வொர்க் என்று பெயர். ஆப்புக்குக் காசு கொடுப்பவர்கள் இதன் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பதில்லை, சொல்வாரும் குறைவு. தெரிந்துகொண்டால் நல்லது என்று நினைக்கிறேன், அதிலும் வாடிக்கையாளரிடம் தமிழில் பேசும் கடைக்காரருக்கு. முப்பது ஆண்டு காலமாக இந்தத் துறை ஒரே கேள்வியைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது: திரையில் தெரிவதை வரைவது யார்? ஃபோனா, ஆப்பா?

ஒவ்வொரு ஃபோனிலும் பட்டன், எழுதும் பெட்டி, மேலும் கீழும் நகரும் பட்டியல் ஆகியவை ஆயத்தமாகவே இருக்கின்றன. ஆண்ட்ராய்டின் பட்டன் ஒரு மாதிரி, ஐபோனின் பட்டன் வேறு மாதிரி. ஃபிரேம்வொர்க் ஒன்று, "இங்கே ஒரு பட்டன் வை" என்று ஃபோனிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். அல்லது ஃபோனிடம் வெறும் வெள்ளைத் திரையை மட்டும் வாங்கிக்கொண்டு, பட்டன், எழுத்து, நிழல், அசைவு எல்லாவற்றையும் தானே தீட்டலாம். கல்யாணச் சமையலுக்கு வரும் கான்ட்ராக்டரை நினைத்துப் பாருங்கள். மண்டபத்தில் இருக்கும் அடுப்பையும் அண்டாவையும் வைத்தே சமைப்பவர் உண்டு. கரண்டி முதல் கோட்டை அடுப்பு வரை லாரியில் ஏற்றிக்கொண்டு வருபவரும் உண்டு. முன்னவருக்குச் சுமை குறைவு, ஆனால் மண்டபத்துக்கு மண்டபம் ருசி மாறும். பின்னவர் எங்கே சமைத்தாலும் சாம்பார் ஒன்றுபோல இருக்கும், லாரிச் சத்தம் மட்டும் அவர் செலவு. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: ஆப்புக்குள் பிரவுசரை ஒளித்துவைத்து, வலைப்பக்கத்தையே ஆப் போலக் காட்டுவது.

இந்த மூன்று வழிகளுக்கும் நடுவே துறை எத்தனை முறை போய்வந்தது என்பதுதான் வரலாறு.

1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவை வெளியிட்டது. ஒருமுறை எழுதினால் எங்கும் ஓடும் என்பது அதன் வாக்குறுதி. சென்னையில் இந்த வாக்குறுதியை நம்பித் தொழிலில் இறங்கியவர்கள் இருந்தார்கள். ஐஐடி மெட்ராஸில் படித்த ஸ்ரீதர் வேம்புவும் டோனி தாமஸும் மற்றவர்களும் 1996-ல் தொடங்கிய அட்வென்ட்நெட் நிறுவனம், நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் மென்பொருள்களை ஜாவாவில் எழுதி விற்றது. அந்தக் காலத்து வாடிக்கையாளர்களில் ஒருவர் விண்டோஸ் வைத்திருப்பார், இன்னொருவர் சோலாரிஸ் வைத்திருப்பார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத ஆள் வைக்க முடியாத சிறு நிறுவனத்துக்கு ஜாவா பெரிய துணை. அந்த அட்வென்ட்நெட்தான் 2009-ல் ஜோஹோ கார்ப்பரேஷன் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2006-ல் அவர்கள் கொண்டுவந்த ஜோஹோ கிரியேட்டரின் அடிப்படை எண்ணமும் இதே திசைதான்: படிவத்தை ஒருமுறை அமைத்தால் போதும், பிரவுசரிலும் ஃபோனிலும் அதுவே ஆப்பாக வந்து நிற்கும்.

ஜாவாவுக்குள்ளேயே நம் கேள்விக்கு இரண்டு பதில்கள் கிடைத்தன. முதலில் வந்த ஏடபிள்யூடி என்ற தொகுப்பு, விண்டோஸிடம் விண்டோஸ் பட்டனைக் கேட்டு வாங்கியது, யூனிக்ஸிடம் யூனிக்ஸ் பட்டனை. எல்லாக் கணினியிலும் பொதுவாக இருப்பதை மட்டுமே கேட்க முடிந்ததால் அது எங்கும் அரைகுறையாகத் தெரிந்தது. 1998-ல் வந்த ஸ்விங் எல்லாவற்றையும் தானே வரைந்தது. ஒரே மாதிரி தெரிந்தது, ஆனால் எந்தக் கணினியிலும் அந்நியமாகவும் மெதுவாகவும் இருந்தது. பின்னாளில் ஃபோனில் நடந்த சண்டை முழுவதும் இந்த இரண்டு வரிக்குள் அடக்கம்.

நார்வேயில் ஹோவார்ட் நோர்டும் ஐரிக் சாம்பே-எங்கும் உருவாக்கிய கியூடி 1995-ல் வெளிவந்தது. சி++ மொழியில் எழுதி விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடவைக்க அது இன்றளவும் பயன்படுகிறது. தமிழ்நாட்டுக்கு அதோடு சுற்றுவழியில் ஓர் உறவு உண்டு. 2008-ல் கியூடியை விலைக்கு வாங்கியது நோக்கியா. அப்போது ஸ்ரீபெரும்புதூரில் அதன் தொழிற்சாலை முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சிம்பியன், மீகோ என்று பிரிந்துகிடந்த தன் ஃபோன்களையெல்லாம் கியூடி என்ற ஒரே கயிற்றில் கட்டிவிடலாம் என்று நோக்கியா கணக்குப் போட்டது. 2011 பிப்ரவரியில் அந்தக் கணக்கைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோன் பக்கம் சாய்ந்தது. 2012-ல் கியூடி பின்லாந்தின் டிஜியா நிறுவனத்துக்குக் கைமாறியது. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மூடப்பட்டது. கியூடி பிழைத்துக்கொண்டது, ஆலையில் வேலை பார்த்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒரு ஃபிரேம்வொர்க் நல்லதா என்பது வேறு, அதைக் கையில் வைத்திருக்கும் நிறுவனம் நாளை என்ன முடிவெடுக்கும் என்பது வேறு. இதைப் பிறகு இன்னொரு முறை சொல்ல வேண்டிவரும்.

2007-ல் ஐபோனும் 2008-ல் முதல் ஆண்ட்ராய்டு ஃபோனும் வந்தபிறகு எல்லாரும் முதலில் பிடித்தது அந்த மூன்றாவது வழியை. 2008-ல் ஃபோன்கேப் வந்தது. வலைப்பக்கம் செய்யத் தெரிந்தவரெல்லாம் ஆப் செய்யலாம் என்றது. கடைகளுக்குக் குறைந்த விலையில் ஆப் செய்துகொடுக்க ஏற்ற கருவிதான். ஆனால் பட்டியலை வேகமாகத் தள்ளினால் தடுக்கித் தடுக்கி நகரும், விரலை எடுத்துச் சற்றுக் கழித்துத்தான் பட்டன் அமுங்கும். ஃபேஸ்புக்கே இந்த வழியில் போய்ச் சூடுபட்டுக்கொண்டது. வலைப்பக்கத் தொழில்நுட்பமான எச்டிஎம்எல்5-ஐ அளவுக்கு மீறி நம்பியதுதான் நிறுவனமாகத் தாங்கள் செய்த மிகப் பெரிய தவறு என்று 2012-ல் மார்க் சக்கர்பெர்க் மேடையில் ஒப்புக்கொண்டார். ஃபோன்கேப்பை வாங்கிய அடோபி நிறுவனம் 2020-ல் அதற்கு மூடுவிழா நடத்தியது.

ஃபேஸ்புக் அடுத்துக் கண்டுபிடித்த வழிதான் ரியாக்ட் நேட்டிவ். 2015-ல் வெளியானது. டெவலப்பர் ஜாவாஸ்கிரிப்டில் எழுதுவார். ஆனால் திரையில் வருவது வலைப்பக்கம் இல்லை, ஃபோனின் சொந்தப் பட்டன், ஃபோனின் சொந்த எழுத்துப் பெட்டி. நடுவில் ஒரு பாலம். ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்திலிருந்து செய்திகளைக் கட்டுக் கட்டாகப் பாலத்தில் அனுப்பினால், அந்தப் பக்கம் ஃபோன் அதைப் பிரித்துப் பார்த்து வரையும். சாதாரண வேலைகளுக்கு இது ஜோராக ஓடியது. விரலோடு கூடவே நகரவேண்டிய வேலைகளில் பாலத்தில் நெரிசல் வந்தது. அந்தப் பாலத்தையே எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் புதிய அமைப்பைப் பல ஆண்டுகள் உழைத்துச் செய்தார்கள். 2024 அக்டோபரில் வந்த 0.76 பதிப்பிலிருந்து புதிய ஆப்புகளுக்கு அதுவே இயல்பான அமைப்பு.

ஃப்ளட்டரின் பிறப்பு வேறு மாதிரி. கூகுளின் குரோம் பிரவுசரில் வேலை பார்த்த சிலர், அவர்களில் எச்டிஎம்எல் தரவரையறையைப் பல ஆண்டுகள் தொகுத்த இயன் ஹிக்சனும் ஒருவர், ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். பிரவுசர் என்பது இருபது ஆண்டுக்கால வலைப்பக்கங்கள் அத்தனையையும் சுமக்கிறது. அந்தப் பழைய சுமைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினால் எவ்வளவு வேகம் வரும்? கழற்றக் கழற்ற வேகம் பலமடங்கு ஏறியது. கடைசியில் கையில் மிஞ்சியது பிரவுசரே இல்லை; திரையில் மிக வேகமாகத் தீட்டும் ஓர் எந்திரம். 2015-ல் ஸ்கை என்ற பெயரில் அதைக் காட்டினார்கள். நொடிக்கு 120 முறை திரையைத் தீட்டுவது இலக்கு.

மொழியாக அவர்கள் எடுத்துக்கொண்டது டார்ட். 2011-ல் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றாகக் கூகுள் கொண்டுவந்து, பிரவுசர் உலகத்தில் எடுபடாமல் போன மொழி அது. ஃப்ளட்டருக்கு ஏன் பொருந்தியது என்றால், அதற்கு இரண்டு முகங்கள் உண்டு. எழுதும்போது, ஒரு வரியை மாற்றிச் சேமித்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஃபோனில் ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பிலேயே மாற்றம் தெரியும். ஆப்பை மூடித் திறக்க வேண்டாம். ஹாட் ரீலோட் என்பார்கள். கடைக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, "இந்தச் சிவப்பு இன்னும் கொஞ்சம் அரக்கா இருக்கட்டும்" என்று அவர் சொல்லச்சொல்ல மாற்றிக் காட்டலாம். ஆப் ஸ்டோருக்கு அனுப்பும் நேரத்தில் அதே நிரல் ஃபோனின் சிப்புக்கு நேரடியாகப் புரியும் மொழியில் முழுதாக மாற்றப்பட்டுவிடும், ஓடும்போது மொழிபெயர்க்கும் தாமதம் இல்லை.

ஃப்ளட்டர் என்ற பெயரில் அதன் முதல் முழுப் பதிப்பு 2018 டிசம்பர் 4 அன்று லண்டனில் வெளியானது. 2021 மார்ச்சில் இரண்டாம் பதிப்பு. பிரவுசரிலும் ஓடும் என்றார்கள். 2022 மே மாதம் மூன்றாம் பதிப்பு வந்தபோது ஆண்ட்ராய்டு, ஐபோன், வலை, விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று ஆறுக்கும் ஒரே நிரல் என்ற நிலை வந்துவிட்டது.

கடைகளின் கல்லாவுக்குப் பக்கத்தில் இதற்குச் சான்று இருக்கிறது. 2017-ல் தேஜ் என்ற பெயரில் இந்தியாவில் அறிமுகமான கூகுள் பே, பிறகு ஃப்ளட்டரில் புதிதாக எழுதப்பட்டது. சுமார் 17 லட்சம் வரியாக இருந்த நிரல் 11 லட்சமாகக் குறைந்தது என்று கூகுள் கணக்குச் சொல்கிறது. காசு நடமாடும் ஆப்பையே இதில் ஓட்டுகிறார்கள் என்றால், புடவைக் கடை ஆப்பை ஓட்டத் தயங்க வேண்டியதில்லை.

குறைகளும் இருந்தன. பல ஆண்டுகளாக வந்த புகார், ஐபோனில் ஓர் அசைவு முதல்முறை வரும்போது மட்டும் ஒரு திக்கல். நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16 மில்லிநொடிதான் கெடு. ஃப்ளட்டர் வரையப் பயன்படுத்திய ஸ்கியா எந்திரம், ஒரு புதிய நிழலையோ வளைவையோ பார்த்தால் அதை வரையும் சிறு நிரலை அந்த நொடியில்தான் தயாரிக்கும். அதற்குள் கெடு தாண்டிவிடும், படம் தவறிவிடும். இதற்காகவே இம்பெல்லர் என்று புதிய வரைவு எந்திரத்தை எழுதி, அந்தச் சிறு நிரல்களையெல்லாம் ஆப் தயாராகும்போதே செய்துவைத்தார்கள். 2023-ல் ஐபோனுக்கும், 2024 கடைசியில் புதிய ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்கும் அதுவே இயல்பாக வந்தது. எல்லாவற்றையும் நானே வரைகிறேன் என்று கிளம்பியவருக்கு இது தப்பாத வேலை: ஃபோன் கம்பெனி கவனிக்கவேண்டிய ஒவ்வொன்றையும் இவரே கவனித்தாக வேண்டும்.

அந்தப் பொறுப்பில் நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது எழுத்து.

ஆங்கில எழுத்தை வரைவது சுலபம், ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டே போகலாம். தமிழ் அப்படி இல்லை. 'கெ' என்ற எழுத்தை யூனிகோடில் முதலில் 'க', அடுத்து ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கிறார்கள். திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ' என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் நிற்க வேண்டும். 'கு', 'பு', 'று' ஒவ்வொன்றுக்கும் உகரம் ஒவ்வொரு வடிவம். இதைச் சரியாக அடுக்கிக்கொடுக்க ஒரு தனிக் கருவி வேண்டும். ஃப்ளட்டர் பயன்படுத்துவது ஹார்ஃப்பஸ் என்ற திறமூலக் கருவியை. ஆண்ட்ராய்டும் குரோமும் பயன்படுத்துவது அதையேதான். அதனால் தமிழ் எழுத்து உடைந்து தெரியும் பழைய வியாதி இன்று ஃப்ளட்டரில் கிடையாது. ரியாக்ட் நேட்டிவில் எழுத்தை வரைவது ஃபோனே என்பதால் அங்கும் கிடையாது.

இந்த இடத்துக்கு வந்துசேர நாம் பட்ட பாடு கொஞ்சமில்லை. தொண்ணூறுகளில் டிடிபி சென்டர்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஒரு கடையில் அடித்த தமிழ் அடுத்த கடையின் கணினியில் கோழி கிறுக்கியதுபோலத் தெரியும், ஏனென்றால் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியாக்கம் வேறு. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாடு தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் என்ற பொதுக் குறியாக்கங்களையும் தந்தது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஒரே தமிழ் எல்லாக் கணினியிலும் தெரிய வேண்டும் என்ற அந்தப் போராட்டத்தை நம்முடைய முதல் கிராஸ் பிளாட்ஃபார்ம் வேலை என்றே நான் சொல்வேன்.

இன்றைக்கு எழுத்து உடைவதில்லை. வேறு மாதிரியான பிழைகள் வருகின்றன. எல்லாமே டெவலப்பரின் மேஜையில் நின்றுபோகவேண்டியவை.

முதலாவது, வெட்டு. டெலிவரி ஏரியாவைக் காட்டும் பெட்டிக்கு 10 எழுத்து போதும் என்று டெவலப்பர் வைக்கிறார். ஆங்கிலத்தில் மைலாப்பூருக்கு 8 எழுத்துதான். தமிழில் 'மயிலாப்பூர்' நம் கணக்குப்படி ம, யி, லா, ப், பூ, ர் என்று 6 எழுத்து. டார்ட் மொழியின் கணக்குப்படி 11. காரணம், அது யுடிஎஃப்-16 அலகுகளை எண்ணுகிறது. ம ஒன்று, ய ஒன்று, இகரக் கொக்கி ஒன்று என்று குறிகளைத் தனித்தனியாகவும் புள்ளியைத் தனியாகவும். பத்தோடு நிறுத்தினால் கடைசிப் புள்ளி போய் 'மயிலாப்பூர' என்று நிற்கும். பெயரின் முதலெழுத்தை வட்டத்துக்குள் காட்டும் ஆப்புகளில் மீனாட்சிக்கு 'மீ' வராமல் வெறும் 'ம' வருவதும் இதனால்தான். தீர்வு கஷ்டமானது இல்லை. கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுவதற்கென்றே கேரக்டர்ஸ் என்ற தொகுப்பை டார்ட் தருகிறது. அதைப் பயன்படுத்தத் தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, நெருக்கடி. ஆங்கிலத்தில் 'பே' என்று மூன்று எழுத்தில் முடியும் பட்டனில் தமிழில் 'பணம் செலுத்துக' என்று வர வேண்டும். இடம் போதாவிட்டால், சோதனை நிலையில் ஃப்ளட்டர் அந்த இடத்தின் ஓரத்தில் மஞ்சளும் கறுப்புமாகச் சாய்கோடுகள் போட்டு, இத்தனை பிக்சல் வழிகிறது என்று எண்ணையும் எழுதிக் காட்டும். சாலைத் தடுப்பில் அடிக்கும் அதே மஞ்சள் கறுப்பு. வாடிக்கையாளர் ஃபோனுக்குப் போகும் பதிப்பில் அந்தக் கோடு வராது, வார்த்தை மட்டும் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டோ வழிந்தோ நிற்கும். ஆங்கிலத்தில் மட்டும் டெஸ்டிங் செய்தவர் கண்ணில் அந்த மஞ்சள் கோடு கடைசி வரை படாது. தமிழில் ஒருமுறை ஓட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும்.

மூன்றாவது, உயரம். ஆப்பில் தமிழ் எழுத்துரு எதையும் சேர்க்காவிட்டால் ஃப்ளட்டர் ஃபோனில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ. ஆப்பிள் கருவிகளில் இருக்கும் தமிழ் எழுத்துருக்களை வடிவமைத்தவர் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன். 'தமிழ் சங்கம் எம்என்' என்ற பெயரிலேயே அவருடைய முதலெழுத்துகள் இருக்கின்றன. இரண்டுமே நல்ல எழுத்துருக்கள், ஆனால் அகலமும் உயரமும் வேறு. ஆங்கிலத்துக்கென்று வரியை நெருக்கிவைத்தால் 'கீ'யின் தலையோ 'பூ'வின் காலோ அடிபடும். முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை போன்ற இலவச எழுத்துருக்களில் ஒன்றை ஆப்போடு சேர்த்து அனுப்பிவிட்டால் எல்லா ஃபோனிலும் ஒரே முகம். பிரவுசரில் ஓடும் ஃப்ளட்டருக்கு இது இன்னும் அவசியம். எழுத்துரு சேர்க்காத வலைப்பதிப்பு, தமிழ் எழுத்தைப் பார்த்த பிறகுதான் நோட்டோவை இணையத்திலிருந்து இறக்கும். சிக்னல் மந்தமான இடத்தில் அதுவரை கட்டம் கட்டமாகத் தெரியும்.

இன்னொன்று, நான் மிக முக்கியம் என்று நினைப்பது. பார்வையற்றவர்கள் ஃபோனைப் பயன்படுத்துவது டாக்பேக், வாய்ஸ்ஓவர் போன்ற வாசித்துக்காட்டும் வசதிகளால். ஃபோனின் சொந்தப் பட்டன் என்றால் 'இது பட்டன்' என்று ஃபோனுக்கே தெரியும். தானே தீட்டும் ஃபிரேம்வொர்க்கில் ஃபோனுக்குத் தெரிவது வெறும் படம். அதனால் ஃப்ளட்டர், திரையில் இருப்பதற்கெல்லாம் பொருள் சொல்லும் இன்னொரு பட்டியலைத் தனியாகத் தயாரித்து ஃபோனிடம் தருகிறது. சாதாரணப் பட்டன்களுக்கு அது தானாக நடக்கும். டெவலப்பர் புதுமையாக எதையாவது வரைந்திருந்தால் அவர்தான் பெயர் எழுதவேண்டும். எழுதாவிட்டால் அந்தப் பட்டன் பார்வையற்றவர்களுக்கு இல்லை என்றே அர்த்தம். பார்வையற்றோருக்கும் காதுகேளாதோருக்குமான புனித லூயி நிறுவனம் பல காலமாக இயங்கும் அடையாறிலேயே, வாசித்துக்காட்டும் வசதியை ஒருமுறைகூடப் போட்டுப்பார்க்காமல் ஆப்புகளை வெளியிடுவது எனக்குச் சம்மதமில்லை.

ஒரே நிரல் என்ற பேச்சில் சொல்லாமல் விடப்படும் செலவுகளும் உண்டு. பில் பிரின்டரை ப்ளூடூத்தில் இணைப்பது, பின்னணியில் இடம் காட்டுவது, யுபிஐ ஆப்பைத் திறந்து திரும்பி வருவது போன்றவை ஃபோனுக்கு ஃபோன் மாறும். இவற்றுக்கான பிளகின்கள் எனும் இணைப்பு நிரல்கள் பலவற்றைத் தன்னார்வலர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் கைவிட்டால் உங்கள் டெவலப்பர்தான் உள்ளே இறங்கவேண்டும், அப்போது கோட்லினும் ஸ்விஃப்டும் தெரிந்த ஆள் தேவைப்படும். ஐபோன் பதிப்பைத் தயாரிக்க ஒரு மேக் கணினி வேண்டும். ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர், கூகுளுக்கு ஒரே ஒருமுறை 25 டாலர் கட்ட வேண்டும். பிளே ஸ்டோர் ஆண்டுதோறும் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்றபடி ஆப்பைப் புதுப்பிக்கச் சொல்லும். ஆகவே செய்துமுடித்த அன்றோடு செலவு நிற்காது.

ஃபிரேம்வொர்க்குக்கும் ஆயுள் உண்டு. 2011-ல் தொடங்கிய ஜமரின் நிறுவனத்தை 2016-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. ஜமரினுக்கான ஆதரவு 2024 மே மாதத்தோடு நின்றது, அதன் இடத்தில் டாட்நெட் மாவி வந்திருக்கிறது. ஜெட்பிரெயின்ஸின் கோட்லின் மல்ட்டிபிளாட்ஃபார்ம் 2023 நவம்பரில் நிலைப்பதிப்பாகி வேகமாக வளர்கிறது. திரையை அந்தந்த ஃபோனுக்குத் தனியாக எழுதிவிட்டு, கணக்குவழக்கை மட்டும் பொதுவாக வைத்துக்கொள்ளவும் அது இடம் தருகிறது. ஃப்ளட்டர் அணியிலும் 2024-ல் கூகுள் ஆட்குறைப்பு செய்தது. அந்த ஆண்டு அக்டோபரில், பழைய அணியில் இருந்த ஒருவர் முன்னின்று ஃப்ளாக் என்ற கிளைப் பதிப்பைத் தொடங்கினார். இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஃப்ளட்டர் திறமூலம், கூகுள் கைவிட்டாலும் நிரல் எங்கும் போய்விடாது, எடுத்து நடத்த ஆள் வேண்டும். நோக்கியா கைவிட்ட கியூடி இன்றும் இருப்பது அப்படித்தான்.

சிறிய கடைக்கும் நடுத்தர நிறுவனத்துக்கும் இன்றைய நிலையில் ஃப்ளட்டரோ ரியாக்ட் நேட்டிவோ போதும், இரண்டு தனி ஆப்புக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை என்பது என் முடிவு. கேமரா, விளையாட்டு, கனமான வரைகலை என்று ஃபோனின் அடிவரை தொட வேண்டிய ஆப் என்றால் மட்டும் தனித்தனியாக எழுதுவதைப் பற்றி யோசிக்கலாம்.

ஒப்பந்தம் போடும்போது நிரல் முழுவதும் உங்கள் பெயரில், உங்கள் கணக்கில் இருக்கவேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பிளே ஸ்டோர் கணக்கும் ஆப்பிள் கணக்கும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். டெவலப்பரோடு பிணக்கு வந்தாலும் ஆப் உங்களுடையது. ஆண்டுப் பராமரிப்புக்குத் தனியாகத் தொகை ஒதுக்குங்கள். டெமோ காட்ட வரும்போது அவர் கொண்டுவரும் விலை உயர்ந்த ஃபோனில் மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். உங்கள் கடையில் வேலை செய்யும் பையனின் பத்தாயிரம் ரூபாய் ஃபோனை வாங்கி, மொழியைத் தமிழுக்கு மாற்றி, எழுத்தளவைப் பெரிதாக்கி, உங்கள் கடைப் பெயரையும் தெருப் பெயரையும் தமிழில் அடித்து ஓர் ஆர்டர் போட்டுப் பாருங்கள். அதில் புள்ளி போகாமல், கொம்பு வெட்டுப்படாமல் பில் வந்த பிறகு மீதித் தொகையைக் கொடுங்கள்.